பள்ளிக்கூடம் ஏன் ஜூனில் திறக்கிறது? கல்வியாண்டு நகர்ந்த கதை

மே மாதத்தின் கடைசி வாரம் வந்தால் தமிழ்நாட்டில் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: வெயில் தணியவில்லையே, பள்ளி திறப்பைத் தள்ளிவைப்பார்களா? 2023இல் அப்படித்தான் நடந்தது. முதலில் ஜூன் 1 என்றார்கள். பிறகு 7 என்றார்கள். கடைசியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 12ஆம் தேதியும், சின்னப் பிள்ளைகளுக்கு 14ஆம் தேதியும் திறந்தார்கள். 2024இல் ஜூன் 6 என்று அறிவித்தது 10 ஆனது.

இந்த நாட்களில் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. "கோடை விடுமுறை வெள்ளைக்காரன் தன் சௌகரியத்துக்கு வைத்துவிட்டுப் போனது." "அறுவடைக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள், அதனால் வந்தது." "தள்ளிவைத்துத் தள்ளிவைத்துப் படிப்பு நாட்களே குறைந்துபோய்விட்டன."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே ஒன்றோடொன்று கலந்து, தவறான முடிவில் போய் நிற்கின்றன. பிள்ளைகளின் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கையை வகுத்துக் கொடுக்கும் ஒரு ஏற்பாட்டைப் பற்றி இவ்வளவு மேலோட்டமாகப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. ஆகவே, அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

முகூர்த்தம் குறிப்பது போல

நம் வீடுகளில் கல்யாணத் தேதி எப்படி முடிவாகிறது? ஆடியும் மார்கழியும் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண்டபம் கிடைக்க வேண்டும். துபாயில் இருக்கும் தாய்மாமனுக்கு லீவு கிடைக்க வேண்டும். மாப்பிள்ளையின் தங்கைக்குப் பரீட்சை முடிந்திருக்க வேண்டும். மழைக்காலம் வேண்டாம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் இரண்டு தேதிகள் மிஞ்சும், அதில் ஒன்றைக் குறிப்பார்கள். "ஏன் இந்தத் தேதி?" என்று யாராவது கேட்டால் ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

பள்ளி நாட்காட்டியும் இப்படித்தான் உருவாகிறது. வானிலை ஒரு பக்கம் இழுக்கிறது. பெற்றோரின் தொழில் இன்னொரு பக்கம் இழுக்கிறது. பண்டிகை, அரசின் வரவுசெலவுக் கணக்கு, பொதுத்தேர்வு, கல்லூரிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இழுக்கிறது. இந்த இழுப்புகளில் ஒன்று தளரும்போதோ இறுகும்போதோ நாட்காட்டி நகர்கிறது. உலகம் முழுவதும் நடந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள்

குழப்பம் பெரும்பாலும் 'கல்வியாண்டு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. ஒரு வகுப்பில் சேர்ந்த பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும் வரையான காலமே கல்வியாண்டு. அதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: எப்போது தொடங்குகிறது, மொத்தம் எத்தனை நாள் பாடம் நடக்கிறது, அந்த நாட்கள் ஆண்டுக்குள் எப்படிப் பரவியிருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டில் சட்டமே பதில் சொல்கிறது. பள்ளி திறந்து பாடம் நடக்கும் நாளை 'வேலை நாள்' என்கிறோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் பாடமும் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் 1,000 மணி நேரமும் வேண்டும். ஆகவே திறப்பு பத்து நாள் தள்ளிப்போனால், அந்த நாட்கள் காணாமல் போவதில்லை. பிறகு சனிக்கிழமைகளில் வந்து உட்காருகின்றன. நவம்பர் மழையில் மாவட்ட ஆட்சியர் விடும் விடுமுறைக்கும் இதே கதிதான். அளந்து வைத்த அரிசியை எந்தப் பானையில் எப்போது போட்டாலும் அளவு அதேதான்.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. டெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புது வகுப்பு ஏப்ரலில் தொடங்கிவிடுகிறது. சில வாரங்கள் பாடம் நடந்த பிறகு கோடை விடுமுறை வருகிறது. அதாவது, விடுமுறை கல்வியாண்டுக்கு உள்ளே விழுகிறது. பிள்ளை ஏற்கெனவே ஒரு வகுப்பில் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், ஆகவே வீட்டுப்பாடமும் கையோடு வருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, அதன் பிறகு விடுமுறை வருகிறது. இங்கே விடுமுறை இரண்டு கல்வியாண்டுகளுக்கு நடுவில் விழுகிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்துவிட்டது, ஆறாம் வகுப்பு இன்னும் வரவில்லை. அந்த மே மாதத்தில் பிள்ளை எந்த வகுப்பையும் சேர்ந்ததில்லை. பாட்டி ஊர், கிணற்றுக் குளியல், மாங்காய் என்று நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கும் அந்த முழு விடுதலைக்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

தொடக்கம், எண்ணிக்கை, பங்கீடு: இந்த மூன்றில் எது மாறுகிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

நிலவு பார்த்து விட்ட விடுமுறை

ஒரு காலத்தில் கல்வியாண்டு என்பதே தேவைப்படவில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். விஜயதசமி அன்று அரிசியில் எழுத்தறிவித்துப் பிள்ளையைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் எல்லோரும் அன்றுதான் சேர வேண்டும் என்பதில்லை. அரிச்சுவடி முடித்த பிள்ளை ஆத்திசூடிக்குப் போகும், எண்சுவடி முடித்த பிள்ளை அடுத்த கணக்குக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை வேறொரு சுவடியில் இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் 'பாஸ்' ஆக வேண்டியதில்லை என்பதால், ஒரே நாளில் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விடுமுறையைச் சந்திரன் தீர்மானித்தது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய நாட்களில் பாடம் இல்லை. அந்த நாட்களுக்கு 'வாவு' என்று பெயர்.

இந்த ஏற்பாடு எப்போது உடைகிறது? ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்து, ஒரே பாடத்தை நடத்தி, ஒரே நாளில் தேர்வு வைக்கத் தொடங்கும்போது உடைகிறது. அப்போதுதான் 'முதல் நாள்' என்றும் 'கடைசி நாள்' என்றும் இரண்டு தேதிகள் தேவைப்படுகின்றன. கல்வியாண்டு என்பது வகுப்பு முறையோடும் பொதுத்தேர்வோடும் கூடப் பிறந்தது.

இனி வெள்ளைக்காரன் வாதத்துக்கு வருவோம். மதராஸ் மாகாண அரசு கோடையில் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்தது உண்மை. ஆனால் ஜூனில் தொடங்கும் கல்வியாண்டு, கப்பலில் வந்து இறங்கிய ஒன்றாக இருக்க முடியாது. கணித மேதை சீனிவாச ராமானுஜனின் பள்ளி வாழ்க்கையே அதற்குச் சாட்சி. 1897 நவம்பரில் அவர் தொடக்கப்பள்ளித் தேர்வில் தேறினார். 1898 ஜனவரியில் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மதராஸ் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியது 1903 டிசம்பர். தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் தெரிகிறது: ஆங்கிலேயர் ஆட்சி நன்றாக வேரூன்றியிருந்த அந்தக் காலத்தில் இங்கே படிப்பு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. நாம் 'என்றும் இப்படித்தான்' என்று நினைக்கும் ஜூன், அதற்குப் பிறகு வந்தது.

அறுவடைக் கதையின் உண்மை

"கோடை விடுமுறை விவசாயத்துக்காக வந்தது" என்ற கருத்து அமெரிக்காவிலிருந்து நம்மிடம் வந்திருக்கிறது. அங்கேயும் அது பரவலான நம்பிக்கை. ஆனால் விவசாயம் தெரிந்த யாரும் ஒரு நிமிடம் யோசித்தால் அதிலுள்ள ஓட்டை தெரியும். அமெரிக்காவில் விதைப்பு வசந்தத்தில் நடக்கிறது. பெரும்பாலான அறுவடை இலையுதிர் காலத்தில் நடக்கிறது. நடுவில் வரும் ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தி என்ன பயன்?

19ஆம் நூற்றாண்டின் கிராமப் பள்ளிகள் உண்மையில் குளிர்காலத்தில் ஒரு பருவமும், கோடையில் ஒரு பருவமும் நடந்தன. ('பருவம்' என்பது ஆண்டைப் பிரித்த ஒரு துண்டு, இலங்கையில் இதையே 'தவணை' என்பார்கள்.) வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் பள்ளியை மூடினார்கள், வயலில் வேலை இருந்ததால். நகரங்களின் கதை வேறு. 1840களில் நியூயார்க், டெட்ராய்ட் போன்ற நகரங்களில் ஆண்டுக்கு 240 நாட்களுக்கும் மேல் பள்ளி நடந்தது. கோடையிலும் கதவு திறந்தே இருந்தது.

நீண்ட கோடை விடுமுறை இந்த நகரங்களில்தான் பிறந்தது. காற்றோட்டமில்லாத கட்டடங்களில் ஜூலை வெயிலைத் தாங்க முடியவில்லை. வசதியுள்ள குடும்பங்கள் மலைக்கும் கடற்கரைக்கும் போனதால் வகுப்பில் பாதி இடங்கள் காலியாகின. இடைவிடாத படிப்பு பிள்ளைகளின் மூளையைக் களைக்கச் செய்கிறது என்று அந்தக் காலக் கல்வியாளர்களும் மருத்துவர்களும் கவலைப்பட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த ஹோரஸ் மான் அப்படிக் கவலைப்பட்டவர்களில் ஒருவர். ஆசிரியர்கள் பயிற்சி பெறவும் ஒரு நீண்ட இடைவெளி தேவைப்பட்டது. பிறகு நகரத்தையும் கிராமத்தையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர முயன்றபோது, நகரம் நாட்களைக் குறைத்தது, கிராமம் கூட்டியது. இன்று பல மாநிலங்களில் இருக்கும் 180 நாள் அளவு, அந்த நீண்ட சமரசத்தின் விளைவு.

உண்மையான விவசாய விடுமுறை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்துக்குப் போகலாம். அங்கே அக்டோபர் விடுமுறையை இன்றும் 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்கிறார்கள். பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கப் போன காலத்தின் பெயர் அது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் கொத்துகளைப் பறிக்கும் காலத்தை ஒட்டி விடுமுறையை நகர்த்தினார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து அரூஸ்டுக் பகுதியில் சில பள்ளிகள் ஆகஸ்டிலேயே திறந்து, கிழங்கு அறுவடைக்காகச் சில வாரங்கள் மூடுகின்றன. இவை எல்லாமே குறுகியவை, இலையுதிர் காலத்தில் வருபவை, ஒரு பயிரைக் குறிவைத்தவை.

நம் ஊருக்கும் இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. டெல்டாவில் வேலை சூடுபிடிக்கும் அதே வாரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. சம்பா அறுவடை தை மாதத்தை ஒட்டி வருகிறது, அப்போது பொங்கலுக்குச் சில நாட்கள் மட்டுமே விடுமுறை. பயிர் பார்த்துப் போட்ட நாட்காட்டி என்றால் இப்படியா இருக்கும்? சித்திரை, வைகாசியின் வெயில்தான் இங்கே முக்கியமான காரணமாக எனக்குத் தெரிகிறது.

சுருக்கமாக: விவசாயம் பள்ளி நாட்காட்டியைப் பல இடங்களில் வளைத்தது. ஆனால் நீண்ட கோடை விடுமுறையை அது தரவில்லை.

கணக்குப் புத்தகமும் பட்டாளமும்

வானிலைக்கும் வயலுக்கும் சம்பந்தமே இல்லாத இழுப்புகளும் உண்டு. அதற்கு ஜப்பானை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செர்ரி மலர்கள் பூக்கும் ஏப்ரலில் அங்கே பள்ளி தொடங்குவதைப் பார்த்து, அது மலருக்காக ஏற்பட்ட வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேஜி பேரரசர் ஆண்ட காலத்தின் (1868–1912) தொடக்கத்தில் அங்கே உயர்கல்வி செப்டம்பரில் தொடங்கியது. 1886இல் அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும்படி மாறியது. 'நிதியாண்டு' என்பது அரசு வரவையும் செலவையும் கணக்கிடும் பன்னிரண்டு மாதம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கு, பணம் வரும் நாளில் ஆண்டைத் தொடங்குவது வசதி. அதே காலத்தில் ராணுவத்துக்கு இளைஞர்கள் பதிவு செய்யும் காலமும் செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்கு மாறியது. செப்டம்பர் வரை காத்திருந்தால் நல்ல மாணவர்களைப் பட்டாளம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதலில் ஏப்ரலுக்கு மாறியது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பேரரசுப் பல்கலைக்கழகங்கள் 1921இல்தான் மாறின. கணக்குப் புத்தகமும் பட்டாளமும் சேர்ந்து குறித்த நாளில் மலரும் பூத்துக்கொண்டிருக்கிறது.

சில இடங்களில் வியாபாரமும் இழுக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முன்பு பள்ளி திறக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. கடைசிக் கோடை வாரங்களின் சுற்றுலா வருமானம் கெட்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பெயராலேயே மக்கள் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டார்கள். 2019இல்தான் அது தளர்த்தப்பட்டது.

நகர்த்துவது ஏன் இவ்வளவு கடினம்?

தொடக்கத்தை மாற்றுவது ஒரு தேதியைத் திருத்துவதோடு முடிவதில்லை. ஒரு ரயிலின் நேரத்தை மாற்றினால் அதற்கு இணைப்பாக ஓடும் ரயில்களையும் மாற்ற வேண்டும். பள்ளிக்குப் பின்னால் பொதுத்தேர்வு, அதற்குப் பின்னால் நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு, கல்லூரி முதல் நாள், வேலைக்கு ஆள் எடுக்கும் மாதம் என்று பெட்டிகள் கோத்திருக்கின்றன. அதோடு, மாறும் ஆண்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு நீண்டதாகவோ குறுகியதாகவோ ஆகிவிடும். அந்த விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும்.

மேற்கு ஜெர்மனி அதைக் கண்ணெதிரே பார்த்தது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஈஸ்டரை ஒட்டித் தொடங்கியது. பவேரியாவில் மட்டும் இலையுதிர் காலத்தில். மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்த குடும்பங்கள் தவித்தன. 1964இல் மாநிலங்கள் ஹாம்பர்க்கில் கூடி, எல்லோரும் ஆகஸ்ட் தொடக்கத்துக்கு மாறுவதென்று ஒப்பந்தம் செய்தன. பல மாநிலங்கள் தேர்ந்தெடுத்த வழி கடுமையானது. 1966 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒரு கல்வியாண்டு, 1966 டிசம்பர் முதல் 1967 ஜூலை வரை இன்னொரு கல்வியாண்டு. பதினாறு மாதங்களில் இரண்டு வகுப்புகள்! பொருளியலாளர் பிஷ்கே பல ஆண்டுகளுக்குப் பிறகு இதை ஆராய்ந்தார். தொடக்கப்பள்ளியில் அதே வகுப்பில் மறுபடியும் தங்கிய பிள்ளைகள் அதிகமானார்கள் என்றும், மேல்நிலைப் பிரிவுக்குப் போனவர்கள் குறைந்தார்கள் என்றும் கண்டார். ஆனால் வளர்ந்த பிறகு அவர்களின் வருமானத்தில் பாதிப்பு தென்படவில்லை.

பிலிப்பைன்ஸ் வேறுவிதமாகக் கற்றுக்கொண்டது. அங்கே நம்மைப் போலவே ஜூனில் பள்ளி திறப்பது வழக்கம். 2020இல் கொரோனாவால் அக்டோபர் 5ஆம் தேதிதான் திறந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடக்கம் செப்டம்பர், ஆகஸ்ட் என்று நின்றது. விளைவாக, கொளுத்தும் ஏப்ரல், மே மாதங்கள் வகுப்பறைக்குள் வந்து விழுந்தன. 2024 ஏப்ரலில் வெயில் தாங்காமல் நேரடி வகுப்புகளை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு ஓர் ஆண்டைச் சுருக்கி, 2025இல் ஜூன் 16ஆம் தேதி பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். மலேசியாவிலும் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளுக்கும் ஜனவரித் தொடக்கம் கொரோனாவுக்குப் பின் மார்ச்சுக்கு நகர்ந்தது. 2026இலிருந்து மறுபடியும் ஜனவரி என்று அறிவித்தார்கள்.

இப்போது நம் முன்னால் இருப்பது

கேரளத்தில் 2025இல் கல்வி அமைச்சர் சிவன்குட்டி ஒரு யோசனையைப் பொது விவாதத்துக்கு வைத்தார். ஏப்ரல், மே விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா? தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கேரளத்தைத் தொடுகிறது. பள்ளி திறந்தவுடனேயே மழை விடுமுறைகள் குவிகின்றன. கேள்வி நியாயமானது. ஆனால் மழைக்குத் தப்பி வந்தால் ஏப்ரல், மே வெயிலில் வகுப்பு நடத்த வேண்டும். பிலிப்பைன்ஸ் பட்ட சிரமம் அதுதான்.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் சிக்கலானது. நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெயிலோ சில ஆண்டுகளில் ஜூன் பாதி வரை. இரண்டுமே நாட்களை விழுங்குகின்றன. ஒரு நீண்ட விடுமுறையை இங்கிருந்து அங்கே நகர்த்துவது இதைத் தீர்க்காது. கூரையின் வெப்பத்தைக் குறைப்பது, காலை நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது போன்ற வேலைகளை நாட்காட்டி செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி நகர்த்துவது என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாக ஓடி டிசம்பரில் முடிவது வழக்கம். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அதைக் குலைத்தன. 2022ஆம் கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்கியது. ஜெர்மனியைப் போல ஒரே வீச்சில் இழுக்காமல், ஒவ்வோர் ஆண்டிலும் சில வாரங்களைக் குறைத்தார்கள். 2023 மார்ச்சில் தொடங்கியது, 2024 பிப்ரவரியில். 2025ஆம் கல்வியாண்டின் முதல் தவணைக்கு வடக்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் தெற்கே காலி நகரத்துப் பிள்ளைகளும் புத்தகப் பையோடு கிளம்பியபோது, மாதம் மறுபடியும் ஜனவரி.